கட்டை விரல் நாடி

தேவகியின் பயிற்சி நோட்டில் இருந்த எண்களைப் பார்த்து ஹமீதா சிஸ்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தாதியர் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் வீட்டில் யாராவது ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, தினம் ஒருமுறை நாடியும் மூச்சும் எண்ணி, இருபத்தெட்டு நாள் எழுதிவர வேண்டும். தேவகி தன் அப்பாவுக்கு எண்ணி வந்தாள். இருபத்து மூன்று நாள் முடிந்திருந்தது.

"போன செவ்வாக்கிழம உனக்குக் காய்ச்சல்தானே? எம்சி லீவு போட்டியே?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர்."

"அன்னைக்குப் பாத்து உங்கப்பாவுக்கும் நாடி நூத்திப் பத்து. மத்த நாளெல்லாம் எம்பதுதான். எங்கே, எனக்குப் பிடிச்சுக் காட்டு."

தேவகி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கட்டை விரலை வெச்சிருக்க பாரு! கட்டை விரலுக்குன்னு சொந்தமா ஒரு நாடி ஓடுதுலா. மூணு வாரமா நீ எண்ணுனது உன்னோடத. உங்கப்பா நாடி இந்த நோட்டுல ஒரு நாள்கூட இல்ல."

பின்வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அசடு வழிய தேவகியும் சிரித்தாள். சிஸ்டர் பக்கத்துப் பத்தியில் விரலை ஓட்டினார். அது மூச்சுக் கணக்கு. முதல் ஒன்பது நாள் பதினைந்து, பதினெட்டு, பதினேழு என்று மாறிமாறி வந்தது. பத்தாம் நாளிலிருந்து ஒரே எண்தான், பதினாறு.

"இது எண்ணாமலே எழுதுனதா?"

"சத்தியமா எண்ணுனேன் சிஸ்டர். முழுசா ஒரு நிமிஷம்."

"அப்போ அவருகிட்ட சொல்லிட்டு எண்ணியிருப்ப. மூச்சு எண்ணுறது ஆளுக்குத் தெரியவே கூடாதும்மா. தெரிஞ்சா மாத்திடுவாங்க. நாடி பாக்குற மாதிரி கையைப் பிடிச்சிக்கிட்டு, ஓரக்கண்ணால நெஞ்சப் பாரு. இன்னைக்கு ஒழுங்கா எடுத்துட்டு வா. இல்லன்னா முதல்லேர்ந்து செய்யணும்."

சுங்கை பட்டாணியில் நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டதால் வகுப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டியபோது, பத்தாம் நாள் என்றைக்கு வந்தது என்று தேவகி சும்மாதான் எண்ணிப் பார்த்தாள். அதற்கு முந்தின நாள் காலையில் அவள் எண்ணிவிட்டுப் போனாள்; சாயங்காலம் இப்படித்தான் மழை கொட்டியது. கையுறைத் தொழிற்சாலையில், அந்தக் கிலாங் வாசலில், ஜாகாவாகக் காவல் வேலை பார்த்த அப்பா, மோட்டோ இல்லாமல், முழங்கால் வரை சேறோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். மோட்டோவைப் பட்டறையில் விட்டிருப்பதாகச் சொன்னார். மறுநாள் வேலையும் நின்றுபோய்விட்டது என்றார். அதற்குப்பின் அவர் வெளியே போய் அவள் பார்க்கவில்லை. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி இருட்டும் நேரத்துக்கு வந்து படுக்கையில் விழுகிறவளுக்கு, பெற்ற தகப்பனை நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லாமல் போயிருந்தது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அம்மா இறந்தபோது தேவகிக்குப் பதினாலு வயது. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், அப்பா பழனியாண்டி அவளை மோட்டோவில் ஏற்றிக்கொண்டு பாக்கார் ஆராங்கில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தார். சமைத்தார், பள்ளிச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார், அவள் முதன்முதலாக நாடி பார்த்த அன்று "எத்தனை வருசம் தாங்கும் டாக்டரம்மா?" என்று கேட்டுக் கேலி செய்தார். உலகத்தில் அவளுக்கு அவரைத் தவிர யாரும் இல்லை. இன்றைக்குக் கொஞ்சம் நேரம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தபடி, வழக்கம்போல் கடையில் சோறு பொங்குஸ் கட்டிப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மணி ஐந்தரை. ஹாலில் விளக்குப் போடவில்லை. தகரக் கூரை வைத்த முன்கூடத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது, அதற்கு அடியில் சுவர்க் கடிகாரத்தின் சத்தமும், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ செய்தி வாசிக்கும் முணுமுணுப்பும், குளியலறையில் குழாய் சொட்டுகிற சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. ஆனால் அப்பா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கமிருந்து மட்டும் ஒன்றுமே வரவில்லை, ஒரு செருமல்கூட, நாற்காலிக் கால் நெரிகிற சத்தம்கூட இல்லை.

"வந்துட்டியாம்மா," என்றார் அப்பா.

"வந்துட்டேன்பா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

சமையலறையில் இரண்டு வாரமாக இருந்த வாடை இன்று மழையீரத்தில் இன்னும் தூக்கலாக இருந்தது. சாக்கடை அடைத்திருக்கிறது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். குனிந்து, தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக் கதவைத் திறந்தாள். அவள் தினமும் வாங்கிவந்து வைத்த சோற்றுப் பொட்டலங்கள், ரப்பர் வளையம்கூடக் கழற்றாமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடியில் இருந்தவை ஒழுகிப் பலகையில் பரவியிருந்தன. எண்ணினாள். பதினான்கு.

உடம்பு சரியில்லை, அதனால் சாப்பாடு இறங்கவில்லை, சொன்னால் பிள்ளை பயப்படும் என்று ஒளித்து வைத்திருக்கிறார். அப்படித்தான் இருக்கும். நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "கையக் குடுங்கப்பா. நாடி பாக்கணும்."

அவர் கையை நீட்டினார். மழைக்கு ஜில்லிட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இந்தமுறை கட்டை விரலை ஒதுக்கிவிட்டு, பாடத்தில் சொன்னபடி மூன்று விரல்களை அவர் மணிக்கட்டின் ஓரத்தில், பெருவிரல் பக்கத்துப் பள்ளத்தில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அழுத்தினாள். அழுத்தத்தைக் குறைத்தாள். சில பேருக்கு நாடி ஆழத்தில் ஓடும், தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். தேடினாள். மற்றக் கையிலும் தேடினாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரக்கண்ணால் அவர் நெஞ்சைப் பார்த்தாள். பனியனில் ஒரு மடிப்பு இருந்தது. அந்த மடிப்பு அசையவில்லை. கடிகார முள் அரைச் சுற்று சுற்றியது. முழுச் சுற்றும் சுற்றியது. மடிப்பு அப்படியே இருந்தது.

அவர் கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். நகம் அழுத்துவதற்கு முன்பே சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. விட்ட பிறகும் அப்படியே. கீழே பார்த்தாள். கைலிக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களும் கணுக்கால் வரை கறுநீலமாக இருந்தன. ஓடாத ரத்தம் கீழே இறங்கித் தேங்கிவிடும். இதைப் போன வாரம்தான் பாடத்தில் எழுதி எடுத்திருந்தாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் கையை விடவும் பயமாக இருந்தது.

"அப்பா," என்றாள். "இப்போ மூச்சு எண்ணப் போறேன்பா."

நெஞ்சு எழுந்தது.

இறங்கியது. எழுந்தது. இறங்கியது. ஒழுங்காக, ஒரே அளவாக. அவள் வாய் தானாக எண்ணியது. ஒரு நிமிடம். பதினாறு. அவள் உதடு நின்றதும் நெஞ்சும் நின்றது.

மழை குறையவில்லை. வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. மூன்று எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம், பக்கத்து வீட்டு ஷீலா அக்காவைக் கத்திக் கூப்பிடலாம். கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள். போலீஸ் வரும், ஆம்புலன்ஸ் வரும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

"பதினாறு போதும்தானே?" என்று அப்பா கேட்டார். குரல் பழைய குரல்தான். "பன்னெண்டுலேர்ந்து இருவது வரைக்கும் இருக்கலாம்னு நீ சத்தம் போட்டுப் படிச்ச. நடுவுல வெச்சிக்கிட்டேன்."

அவள் விரல்கள் மறுபடியும் அவர் மணிக்கட்டைத் தடவித் தேடின.

"நாடி கெடைக்கலையாம்மா?"

"இல்லப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ தெனமும் பிடிச்சிப் பாத்துட்டுச் சரியா இருக்குன்னு சொன்ன. அது இருக்குன்னே நெனச்சிட்டேன்," என்றார். பிறகு, "அது எத்தனை இருக்கணும்?" என்று கேட்டார்.

தேவகி வாசலைப் பார்த்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எழுவத்திரெண்டுப்பா."

மணிக்கட்டில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் இடது கன்னம் துள்ளியது. ஒருமுறை. பிறகு இன்னொரு முறை. நெற்றியின் தோல் உள்ளிருந்து முட்டியது. கீழுதடு முட்டியது. தொண்டை, தோள்பட்டை, பனியனுக்குள் வயிறு, கைலிக்குள் இரண்டு முழங்கால். எல்லாம் ஒரே நேரத்தில். எல்லாம் ஒரே தாளத்தில். கண்விழிகள்கூட முன்னால் வந்து வந்து போயின.

"எங்கெங்க இருக்கணும்னு தெரியலம்மா," என்றார் துடிக்கிற உதட்டோடு. "நீதான் படிச்சவ. சொல்லு."

ஓட வேண்டும். ஆனால் இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். அவர் மணிக்கட்டைத் திருப்பி, சரியான பள்ளத்தில் மூன்று விரல்களையும் வைத்து அழுத்தினாள்.

"இங்கப்பா. இங்க மட்டும்."

கன்னத்தில் துடித்தது நின்றது. நெற்றி நின்றது. முகத்திலும் வயிற்றிலும் காலிலும் துடித்துக்கொண்டிருந்த அத்தனையும் தோலுக்கு அடியில் திரண்டு கழுத்தைத் தாண்டியது, தோளில் ஏறியது, முழங்கையைச் சுற்றிக்கொண்டு, கையின் உள்பக்கமாக அவளுடைய மூன்று விரல்களை நோக்கி மெல்ல ஊர்ந்து வந்தது.

தேவகி விரல்களை எடுக்கவில்லை.