குழந்தை இருக்கும் பக்கம்

திரை முழுவதும் மங்கியிருந்தால் தையல்காரி சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். பழைய மடிக்கணினி, அப்படித்தான் இருக்கும். ஆனால் வீடியோ அழைப்பில் அவள் முகம் தெரிந்தது, பின்னால் தையல் இயந்திரம் தெரிந்தது, சுவரில் அடித்த ஆணிகூடத் தெரிந்தது. மகள் உட்கார்ந்த இடம் மட்டும் சாம்பல் நிறச் சதுரங்களாகச் சிதறியது. மகளை இடப்பக்கம் மாற்றினால், மங்கலும் இடப்பக்கம் வந்தது.

கப்பலில் வேலை செய்யும் கணவன் மகளின் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. இன்று மாலை அழைப்பான். பிறகு கப்பல் நடுக்கடலுக்குப் போய்விடும்.

மடிக்கணினியைக் கொடுத்தவர் கடைத்தெரு மெக்கானிக். காதில் எப்போதும் திருப்புளி செருகியிருப்பதால் எல்லோருக்கும் திருப்புளி அண்ணன். தன் வீட்டில் இருந்ததையே துடைத்து, சும்மா கொடுத்திருந்தார். காலையில் அவரிடம் போனில் கேட்டாள்.

“கிராபிக்ஸ் டிரைவர்னு படம் காட்டுற சாப்ட்வேர் பழசாம்ண்ணே. புதுசு போட்டா படம் தெளிவாயிடுமாம்.”

“வேணாம்மா. கிழவனுக்குப் பல்லு கட்டி கரும்பு கடிக்க வைக்கப் போறியா? இருக்கிறபடி இருக்கட்டும்.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் அவளுக்கு நினைவு வந்தது. இந்த மனிதர் எதை மறைக்கிறார்? உள்ளே எதையாவது வைத்து வீட்டை வேவு பார்க்கிறாரா? கைம்மாறு கேட்காத உதவியை நம்ப நமக்கெல்லாம் ஏனோ அவ்வளவு கடினமாக இருக்கிறது.

பிற்பகல் மழையில் அறை இருண்டிருந்தது. இயந்திர எண்ணெயும் ஈரத் துணியும் கலந்த வாசனை. மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியின் விசிறி, சளி பிடித்தவரின் மூச்சைப் போல இழுத்து இழுத்து ஓடியது. புது டிரைவர் இறங்கியதும் திரை கேட்டது: பழையதை முற்றிலும் நீக்கவா? இற்றுப்போன துணிமேல் ஒட்டுப்போடுவது அவளுக்குப் பிடிக்காது. ஆம் என்று அழுத்தினாள்.

திரை கறுத்தது. மழைச் சத்தம் மட்டும். பிறகு வெளிச்சம் வந்தது.

கேமராவைத் திறந்தாள். தரையில் கிடந்த நூல்கூடத் தெளிவாக இருந்தது. பாய். மகள். மகளருகே, இவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெண்.

திரும்பிப் பார்த்தாள். பாயில் மகள் மட்டும்தான். திருப்புளி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே… இதுல யாருண்ணே உக்காந்திருக்கறது?”

“டிரைவர மாத்திட்டியா?” அவர் குரல் இறங்கிவிட்டது. “மூஞ்சி தெரியுதா?”

“இல்ல. முதுகுதான்.”

“உடனே பழசுக்குத் திருப்பும்மா. மங்கலா இருக்கிறவரைக்கும் அவ தேடிக்கிட்டேதான் இருப்பா. தெளிவாச்சுன்னா புள்ளையக் கண்டுபிடிச்சிருவா. அதான் எங்க வீட்ல நானும் மங்கலாவே வெச்சிருந்தேன். இதோ, ஓடி வரேன்.”

‘முந்தைய டிரைவருக்குத் திரும்பு.’ பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரும்புவதற்குப் பழையது இல்லை. அவளே நீக்கிவிட்டாள்.

திரையில் அந்த முதுகு குனிந்தது.

கடவுளே.

பாய்ந்துபோய் மகளை வாரி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. எதிர்ப்பக்கமிருந்தும் யாரோ பிடித்திருந்தார்கள். மகளின் தலை தலையணையில் இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே, காற்றில், ஒரு மடியில் சாய்ந்ததுபோல் கிடந்தது. மகள் தூக்கத்தில் சிரித்தாள். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி மெல்ல, மிக மெல்ல, தானாகக் காதுக்குப் பின்னால் ஒதுங்கியது.