ஏழு எண்ணும்வரை

நேற்று அந்தக் கை ஐந்து எண்ணுவதற்குள் வந்துவிட்டது. வழக்கமாக ஏழு ஆகும். தங்கைக்கு என்ன அவசரமோ என்று அக்கா அப்போது நினைத்தாள், அவ்வளவுதான்.

நாற்பது வயதில் துணிக்கடை வேலையை உதறிவிட்டு, மேடைக்குப் பின்னால் உதவியாளராகச் சேர்ந்தவள் அவள். இது மூன்றாவது நாடகம். இதையும் ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். சிபாரிசு செய்ததே நாடகத்தில் நடிக்கும் தங்கைதான். இரண்டாம் அங்கம் முடியும்போது விளக்குகள் எல்லாம் அணையும். தங்கை எதிர்மூலையிலிருந்து கும்மிருட்டில் ஏழு அடி நடந்து வருவாள். அக்கா திரையோரம் நின்று கையை நீட்டுவாள், அவள் கை தட்டுப்பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு ஹெட்செட்டில் "வந்தாச்சு" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் மேடை மேனேஜர் பொத்தானை அமுக்குவார். அடுத்த காட்சிக்காக, நாலாவது அடி விழும் இடத்தில் பலகை விலகி, பன்னிரண்டடிப் பள்ளம் திறக்கும். எண்ணெய் போட்ட பலகை, முனகக்கூட முனகாது.

இன்று மதியக் காட்சிக்கு முன்னால், ஒப்பனை அறையில் தங்கை கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன்க்கா, நேத்து நான் வர்றதுக்கு முன்னாடியே ஏன் 'வந்தாச்சு'ன்னு சொல்லித் தொலைஞ்சே?"

"முன்னாடியேவா? உன் கையைப் பிடிச்சு இழுத்தேனே!"

"என் கையையா? நல்லா கதை விடுற. நேத்து நான் கிளம்பவே லேட்டு, உன்கிட்ட வந்து சேரவே இல்ல. மூணாவது அடி வச்சேன், காலுக்கு முன்னாடி தரையைக் காணோம். உசிரு போய் உசிரு வந்துச்சு. அப்படியே பின்னாடி ஓடி, அந்தப் பக்கமா இறங்கிட்டேன்."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நேற்றைய கை ஈரமாக இருந்தது, உள்ளே இழுத்ததும் இருட்டில் நழுவிப் போய்விட்டது. முகம் கழுவிய கை என்று நினைத்திருந்தாள். முகம் கழுவ அந்த மூலையில் தண்ணீர் ஏது?

"மேனேஜர்கிட்ட சொல்லிடலாம்டி."

"சொன்னா இன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. சும்மா இரு." தங்கை கூந்தலிலிருந்து ரப்பர் பேண்டை உருவி மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "இதைத் தொட்டுப் பாரு. அப்புறம் சொல்லு. போதுமா, பயந்தாங்கொள்ளி?"

அக்கா சிரித்தாள். வேலை போய்விடும் என்ற பயம் மற்ற பயத்தை அமுக்கிவிட்டது.

இரண்டாம் அங்கம் முடியும் நேரம். திரைத்துணியின் பழம்புழுதி வாசமும், விளக்குச் சூட்டில் உருகும் பவுடர் வாசமும், அவற்றுக்கு அடியில் நனைந்த மரம்போல வேறு ஏதோ வாசமும் சேர்ந்து வர, அக்கா மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். விளக்குகள் அணைந்தன. எதிரே முந்நூறு பேர் இருமக்கூட இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து. எதுவும் வரவில்லை. அப்பாடா.

ஆறு. ஏழு.

கை வந்தது. வெதுவெதுப்பான, காய்ந்த கை. அவள் விரல்கள் மணிக்கட்டைத் தடவின. ரப்பர் பேண்ட் இருந்தது. இரண்டு சுற்று. கண்ணில் நீர் முட்ட, அந்தக் கையை இறுகப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வந்தாச்சு."

"சபாஷ்," என்றார் மேனேஜர் காதுக்குள். "இன்னிக்கு நேரம் தப்பல."

பள்ளத்துக் குளிர்காற்று கணுக்காலில் பட்டது.

அப்போது எதிர்மூலையிலிருந்து, இருட்டுக்குள், மிக மெல்லிய குரல்.

"அக்கா, ரப்பர் பேண்டை யாரோ உருவிட்டாங்க. தேடிட்டு இருந்தேன். இதோ வர்றேன், கையைக் கொடு."

நில்லுடி. நில்லு. கத்த வாயைத் திறந்தாள்.

ஈரமான இன்னொரு உள்ளங்கை வாயைப் பொத்தியது. உதறினாள். விடவில்லை. பிடித்திருந்த கை, அவள் விரல்களைச் செல்லமாக அழுத்திக் கொடுத்தது. தங்கை அழுத்துவதுபோலவே.

மேடையில் அடிச்சத்தம் கேட்டது. அக்காவின் காதோரம் ஒரு குரல் பொறுமையாக எண்ண ஆரம்பித்தது. அக்காவின் குரல்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.