புகைக்கொட்டகையின் சாவி

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சாதிக்காய் உடைக்கிற சத்தம் கேட்கக் கூடாது. கேட்டது. காலையிலிருந்து காணாமல் போன தன் ஆறு வயது மகள் கிரீட்டாவைத் தேடிக் கிணற்றடி, கோட்டை, கடற்கரை என்று அலைந்து, வியர்வை உப்பாய்க் காய்ந்த சட்டையோடு பண்டாத் தீவின் டச்சு ஆளுநர் யோரிஸ் வெர்ஹாக் புகைக்கொட்டகை முன்னே வந்து நின்றபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால், பரணில் காயும் காய்களின் இனிப்பு வாடையும் புகையும் அடைந்த இருட்டுக்குள், யாரோ மரச்சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டொக். டொக்.

"கேக்குதா?"

கங்காணி ஹெண்ட்ரிக் காதைக் குடைந்தான். "எலியா இருக்கும் தொரை. பூட்டுனது நீங்க, சாவி உங்க இடுப்புல. பாப்பா என்ன, புகையாவா பூந்துச்சு?"

வெர்ஹாக்குக்கு அந்தச் சத்தம் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன், தளபதியாக இருந்தபோது, தடையை மீறி ஆங்கிலேயருக்குக் காய் விற்ற மலைக்கிராமத்தார் முப்பத்தொரு பேரைச் சோறு தருவதாகக் கீழே அழைத்து, இங்கிருந்த பழைய கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டி, காயைப் போலவே மெல்ல மெல்லப் புகையூட்டினான். பதவி அதற்குத்தான் கிடைத்தது. செலவு மிச்சமென்று அதே குழிகளில் கால் நட்டுப் புதுக்கொட்டகை போடச் சொன்னதும் அவன்தான்.

"தொறங்க தொரை." குழந்தையை வளர்க்கும் அடிமை ஹாஜரா. அந்த மலையில் மிஞ்சிய ஒருத்தி. "உள்ள பாப்பா இருந்தா?"

"இது பாப்பா இல்ல."

"அன்னைக்கும் இப்படித்தான் தட்டுனாங்க. நீங்க கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டே எண்ணுனீங்க."

அறைந்தான். அவள் ரத்தத்தைத் துப்பினாள். "அடிங்க. கை ஓஞ்சதும் தொறங்க."

சத்தம் பெருகியது. ஒரு கை அல்ல. பல கைகள். எத்தனை என்று அவனுக்குத் தெரியும். நடுவே ஓர் இருமல். சின்ன இருமல். கிரீட்டாவின் இருமல்.

திறந்தால் அவர்கள். திறக்காவிட்டால் அவள்.

திறந்தான்.

தட்டல் நின்றது.

புகைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்து. சுருங்கி. கறுத்து. நடுவில், ஒருத்தியின் மடியில், கிரீட்டா. அவள் கன்னமும் கறுத்து வரியோடியிருந்தது. அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, வீட்டுக்குள் பேசினால் சவுக்கடி என்று அவன் தடுத்திருந்த தீவுப் பேச்சில், மடிக்காரியிடம் கேட்டாள்.

"இவருதானா?"

முப்பத்தொரு தலைகளும் அசைந்தன.

பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டார்கள்.