மூன்றாம் மாடி பால்கனி விளக்கு

கீழ்வீட்டுச் சுப்ரியா சாயங்காலப் பூஜைச் சங்கை மூன்று முறை ஊதி முடிப்பதற்குள்ளாகவே தமயந்தி தீதியின் பால்கனி விளக்கு எரிந்துவிட்டது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சுந்தரேசனுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. தீதி முட்டி தேய்ந்த மனுஷி. நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, சுவிட்சுக்கு வந்து சேர்வதற்குள் சுப்ரியா சங்கைத் துடைத்து உள்ளே வைத்திருப்பாள், மற்ற பால்கனி விளக்குகளில் கொசு மொய்க்கத் தொடங்கியிருக்கும். இன்று அவசரமாக எரிகிறது. நேற்றும் இப்படித்தான் எரிந்ததோ? துர்கா பூஜை நாட்களில் ஓய்வெடுத்து முட்டி கொஞ்சம் தேறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் பம்ப்பைப் போடப் போனார்.

கொல்கத்தா பெஹாலாவில் இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு அவர் செகரெட்டரி. துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்று, மனைவி லக்ஷ்மியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்கிற மாதிரி அந்தப் பதவி அவர் தலையில் விழுந்தது. தொட்டி கழுவுவது, மாடிப்படி பல்பு மாற்றுவது, மொட்டைமாடிக் கதவைப் பூட்டுவது எல்லாம் அவர் பாடு. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட கிழங்களும், பிள்ளைகளே இல்லாத கிழங்களுமாகக் கட்டடத்தில் பாதி வீடுகளில் ஒற்றை ஆள்தான். அவர்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் பாடாகிவிட்டது.

முதல் மாடி மித்ரா பாபு செத்துப்போய் நாள்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்த பிறகு, அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தனியாக இருப்பவர்கள் மாற்றுச்சாவியைச் செகரெட்டரியிடம் கொடுத்துவிட வேண்டும். உள்தாழ்ப்பாள் போடக் கூடாது. சாயங்காலம் கீழ்வீட்டில் சங்கு ஊதியதும் பால்கனி விளக்கைப் போட வேண்டும், விடிந்ததும் அணைக்க வேண்டும். விளக்கு எரிந்தால் ஆள் நலம். எரியாவிட்டால் செகரெட்டரி சாவியோடு மேலே போய்ப் பார்ப்பார். எரிந்தால் போகவே கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது தமயந்தி தீதிதான்.

"விளக்கு எரியறச்சே கதவைத் தட்டப்டாது சுந்தரேசா. செத்துட்டாளான்னு எட்டிப் பாக்கற மாதிரின்னா இருக்கும்? நான் யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன்."

கட்டடத்தில் தமிழ் பேச அவருக்கு இருந்த ஒரே துணை தீதி. கொல்கத்தாவிலேயே பிறந்து, பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மாமி என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார், பெங்காலி வழக்கப்படி எல்லாருக்கும் தீதிதான், அக்கா. "நம்ம ஊர்ல சங்கு ஊதினா ஆளைத் தூக்கிண்டு போவா. இங்க ஊதினா லைட்டைப் போடணும். நல்ல தேசம் போ" என்று கூட்டம் முடிந்ததும் சிரித்தார். ஆனால் படியேறும்போது சுந்தரேசன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மித்ரா பாபு மாதிரி மட்டும் என்னைக் கிடக்க விட்டுடாதே. அன்னிக்கே வந்துடு."

"வந்துடறேன் தீதி" என்றார் சுந்தரேசன். லக்ஷ்மிக்குப் பிறகு அவர் யாருக்கும் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

விஜயதசமி முடிந்து பாதிக் கட்டடம் புரி கடற்கரைக்கும் டார்ஜிலிங்குக்கும் கிளம்பியிருந்தது. தீதியின் வேலைக்காரியும் கிராமத்துக்குப் போயிருந்தாள். விளக்கு அவசரமாக எரிந்ததற்கு மறுநாள் காலை சுப்ரியா அவர் கதவைத் தட்டி, "காக்கு, மாடிப்படியில ஒரே நாத்தம். எலி ஏதாவது செத்திருக்கும்" என்று பெங்காலியில் புகார் சொன்னாள். அவரைச் சித்தப்பா முறை வைத்துக் காக்கு என்றுதான் கூப்பிடுவாள். சுந்தரேசன் படி கூட்டும் ஆளிடம் படியெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவச் சொன்னார். தொட்டியில் காக்கை விழுந்திருக்குமோ என்று மொட்டைமாடிக்குத் தானே ஏறிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. இறங்கும்போது மூன்றாம் மாடியில் நாற்றம் கனத்து, பவுடர் நெடியோடு கலந்து, தொண்டையில் இனிப்பாக வந்து ஒட்டிக்கொண்டது. தீதியின் கதவைத் தட்டக் கை தூக்கினார். நேற்று விளக்கு எரிந்ததே. காலையில் ஒழுங்காக அணைந்தும் இருந்ததே. கையை இறக்கிக்கொண்டு, அந்த வாசலில் மட்டும் இன்னும் ரெண்டு பிடி அள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மழை கொட்டியது. தீதியின் பால்கனிக் கொடியில் ஒரு வெள்ளைப் புடவை முழுக்க நனைந்து தொங்கியது. துணி நனைந்தால் ஊரையே கூட்டுகிறவர், வெளியே வரவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியது. அது ஓய்வதற்குள் விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. பின்னால் அறை இருட்டாக இருந்தது, ரேடியோச் சத்தம் இல்லை.

"தீதியைப் பாத்தியாம்மா நீ?"

"இல்ல காக்கு. விஜயதசமிக்கு ஆசி வாங்கக்கூட நான் மேல போகல. அதான் லைட் எரியுதே" என்றாள் சுப்ரியா.

"எரியறது" என்றார் சுந்தரேசன்.

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே சாவியோடு கிளம்பினார். எரிந்த பிறகு போனால்தானே தீதி திட்டுவார், எரிவதற்கு முன்னால் போனால் என்ன சொல்ல முடியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். படியில் பவுடர் வெள்ளையாகக் கிடந்து செருப்புக்கு அடியில் நறநறத்தது. கதவைத் தட்டினார். "தீதி, நான்தான்." உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. சாவியைப் போட்டார்.

நாற்றம் ஓர் ஆளைப்போல முன்னால் வந்து நின்றது. கட்டிலில் தீதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இறந்து பல நாளாகியிருந்தது. அதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. எறும்புகள் வரிசையாகக் கட்டில் காலில் ஏறிக்கொண்டிருந்தன.

சுந்தரேசன் போர்வையை இழுத்து முகத்தை மூடினார். பிறகு கதவோரத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். லக்ஷ்மி போனபோதுகூட இப்படி அழவில்லை.

"அன்னிக்கே வான்னேளே தீதி. இந்த வாசலோட போனேனே. பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேனே, உங்களுக்கு."

எவ்வளவு நேரம் அழுதார் என்று தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கி, அறையின் மூலைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. சுப்ரியாவைக் கூப்பிடலாம் என்று செல்போனை எடுத்தார். எடுத்த கை நின்றது.

நேற்று விளக்கு எரிந்தது.

முந்தாநாளும்.

பால்கனிக் கதவைப் பார்த்தார். தாழிட்டிருந்தது. அதை ஒட்டிச் சுவிட்ச் போர்டு. வெள்ளைப் பலகையில் பழுப்பாக விரல் கறைகள், ஒன்றின் மேல் ஒன்று. கட்டிலிலிருந்து அதுவரை மொசைக் தரையில் ஈரமாக ஒரு தடம். பாதங்களை இழுத்துப் போய், இழுத்துத் திரும்பிய தடம்.

கீழே சுப்ரியா சங்கை எடுத்துவிட்டாள். முதல் ஊதல் நீளமாக எழுந்தது.

கட்டில் கிரீச்சிட்டது.

போர்வை சரிந்து விழுந்தது. தீதி எழுந்து உட்கார்ந்தார். கண் திறக்கவில்லை. திறக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கால்களைத் தொங்கவிட்டு நின்றார். நாற்காலியைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. முட்டி இப்போது வலிக்கவில்லை.

இரண்டாவது ஊதல்.

ஓடியிருக்கலாம். வாசல் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. ஆனால் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செத்த பிறகும் இந்த மனுஷி யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று தினமும் எழுந்து வந்திருக்கிறார். யாரும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பயத்தை மீறி நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. சுந்தரேசன் எழுந்து போய்ச் சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"போதும் தீதி. நான் வந்துட்டேன். இனிமே போட வேண்டாம்."

தீதி வந்தார். நிற்கவில்லை. குரல் அவரை எட்டவில்லை. மூச்சில்லாத முகம் சுந்தரேசன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கை மேலே எழுந்தது.

மூன்றாவது ஊதல் முடிந்தது. கீழே நிசப்தம். பிறகு முற்றத்திலிருந்து சுப்ரியாவின் குரல் பதறி எழுந்தது. "காக்கு! தீதி லைட் எரியல! காக்கு, எங்க இருக்கீங்க?"

பதில் சொல்ல வாய் திறந்தார்.

இருட்டில், சில்லிட்ட விரல்கள் அவர் மார்பைத் தடவின. சட்டைப் பொத்தானில் நின்றன. அழுத்தின. எரியவில்லை. பொறுமையாகச் சற்று மேலே நகர்ந்து, கழுத்தடியில் ஒரு குழியைக் கண்டுபிடித்தன. அழுத்தின. எரியவில்லை. மறுபடி அழுத்தின, இம்முறை இன்னும் பலமாக.