குனிந்த முத்திரை

மாணவர் உதவி அறக்கட்டளையின் ஆண்டு மலர் அச்சேற இரண்டே நாள் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் பழைய பொருளாளர் நுகாதா.

"நான் தன்னிச்சையாகப் பங்குகளில் பணத்தைப் போட்டு நிதியை அழித்ததாக மலரில் இருக்கிறது. பங்கு வாங்க ஒப்புதல் தந்த அந்தத் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக இருக்கும் என் பெயர் முத்திரையை நான் வைக்கவில்லை. அன்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை."

கடிதம் பொய் என்று எழுதி வாங்கிவிடத் தலைவர் அசகாவா துப்பறிவாளர் குஸெயை வரவழைத்தார். பத்து வருஷத்துக்கு முன் இழுத்து மூட இருந்த அறக்கட்டளை இது. இன்று இருநூறு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைக்கிறது. விழா நேரத்தில் இந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்?

தேநீர் கொண்டு வந்த காரியதரிசி இசொபெ தட்டை வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

குஸெ நிதானமாகக் கோப்புகளைப் புரட்டினார். உதவியாளர் தெரமொதொவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"முத்திரை அசல் சார். அவரோட இழுப்பறையில இருந்ததுதான். பெருசு புளுகுது."

"முத்திரை அசல்தான்யா. வச்ச கை யாருது? ஆபீஸ்ல கீழ இருக்கிறவங்க எப்படி வைப்பாங்க, சொல்லு."

"தலைவரோட முத்திரை இருக்கிற இடது பக்கமா சாச்சு. குனிஞ்சு கும்பிடுற மாதிரி. நேரா வச்சா திமிர் புடிச்சவன்னு பேராயிடும்."

"நுகாதாவுக்கு அந்தத் திமிர் இருந்திருக்கு. பதினேழு வருஷத் தாள்லயும் ஆணியடிச்ச மாதிரி நேரா நிக்குது. இந்த ஒண்ணுல மட்டும் பவ்யமா குனியுது."

"அன்னைக்கு மரியாதை வந்திருக்கும்," என்று செருமினார் தலைவர்.

"மறுநாள் தாள்ல மறுபடி போயிடுச்சே சார். திருட்டு முத்திரை வைக்கும்போதும் மரியாதை மறக்காத கை இது. பக்கத்துக் கட்டத்துல இருக்கிற முத்திரையையும் பாருங்க, அதே சாய்வு."

பக்கத்துக் கட்டம் இசொபெயுடையது. அவளுக்குக் காது மடல் கொதித்தது. 'அவன் ஒத்துக்க மாட்டான், நீயே வச்சுடும்மா. லாபம் வந்தா அவனே மெச்சுவான்' என்று தலைவர் அன்று சொன்னது நேற்றுப் போல் கேட்டது. பணம் போனதும் அவர் கைகழுவிவிட்டார். இவளும் வாயை மூடிக்கொண்டாள்.

குஸெ நன்கொடைப் பதிவேட்டைத் திறந்தார். "அறக்கட்டளை நொடிச்சப்புறம் முதல்ல பணம் அனுப்பினது யாருன்னு தெரியுமா சார்? நுகாதா. இங்க வேலை போனப்புறம் டாக்ஸி ஓட்டிக்கிட்டு மாசாமாசம் அனுப்பியிருக்கார். இவருக்கு நன்றி அட்டை எழுதினது யாரு?"

தலைவர் சுவரோரமாகத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் இசொபெ. "ஒம்பது வருஷமா எழுதறேன். அந்த முத்திரையும் நான்தான் வச்சேன். தலைவர் சொல்லித்தான் வச்சேன், ஆனா வச்ச கை என்னுது." சொன்ன பிறகும் பாரம் குறையவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மலரின் திருத்திய பக்கத்தை எடுத்துக்கொண்டு அன்று மாலையே நுகாதாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் முன் இடுப்பு வளைய வணங்கியவள், நிமிரவே இல்லை.

"நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா," என்றார் அவர். "அந்தச் சாய்வு உன்னோடது."

"அப்புறம் ஏன் பணம் அனுப்பினீங்க?"

"பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சுங்க?" என்றவர் தொடர்ந்தார்: "ஒவ்வொரு மாசமும் உன் அட்டை வரும். இந்தத் தடவையாவது நன்றிக்கு மேல ஒரு வரி எழுதியிருப்பியான்னு திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்."