நீலப் பீப்பாத் தண்ணீர்

இன்னும் இருபத்திரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. தர்சினி அதைச் சொல்லிக்கொண்டேதான் வாசலில் வந்து நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்திருந்தாள். மழையில் நனைந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"கமலாவதி அன்ரி நிக்கிறாவோ?"

கதவைத் திறந்த தேவராசாவின் முகம் மலர்ந்தது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது அவருக்கு இருந்த ஒரே ஆசை, மனைவியின் விசாரணைகளில் தானும் கூடப்போவது. கமலாவதி காப்புறுதி நிறுவனங்களுக்காக விபத்துகளை ஆராய்ந்து காரணம் சொல்பவர்.

"இரு பிள்ளை. முதல் தலையைத் துடை," என்றார் கமலாவதி.

தர்சினி துடைக்கவில்லை. கதைக்கத் தொடங்கினாள்.

சாவகச்சேரிக்கு வெளியே, தண்டவாள ஓரத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் ஐதரசனில் ஓடும் ஒற்றைப் பெட்டி ரயில். சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கும் இயந்திரமும் அங்கேயே இருந்தது. அந்த இயந்திரம் தர்சினியின் பொறுப்பு. நாளை வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ரயிலின் முதல் ஓட்டம்.

"றெயின் ஐதரசனைக் காத்தோடை சேர்த்துக் கறண்ட் எடுக்கும். மிச்சமா விழுறது சுத்தமான தண்ணி மட்டும் அன்ரி. அதை ஒரு நீலப் பீப்பாவிலை பிடிச்சு வாழைக்கு ஊத்திக்கொண்டிருந்தனாங்கள். நேற்றுப் பின்னேரம் நானும் என்னோடை வேலை செய்யிற டினேசும் பீப்பாவிலை இருந்து இயந்திரத்துக்கு ஒரு குழாய் பூட்டினனாங்கள். அதே தண்ணியைத் திரும்பப் பாவிக்கலாம். பிளானிலையும் அப்பிடித்தான் இருக்கு."

"பிறகு?"

"இண்டைக்குக் காலமை பம்பைப் போட்டவுடனை மீற்றர் கத்திச்சுது. தண்ணியிலை ஏதோ கலந்திருக்கு. இயந்திரம் தானா நிண்டிட்டுது. கிணத்துத் தண்ணிதான் எப்பிடியோ கலந்திட்டுது எண்டு டினேஸ் சொல்லுறான். எங்கடை பெரியவர் சோமசேகரம் சேர் எனக்குத்தான் ஏசினார். 'ஆரைக் கேட்டுக் குழாய் பூட்டினனீ? ஒரு பிடி உப்பு விழுந்தாலே காணும் எல்லாம் நாசமாக, உனக்குத் தெரியாதோ' எண்டார். பீப்பாவை உடனை கழுவி ஊத்தச் சொன்னார். நான் ஒரு போத்தில் எடுத்து ஒளிச்சு வைச்சிட்டன்."

கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்ன விழுந்தது, எவ்வளவு விழுந்தது எண்டு தெரியாமல் திரும்ப இயக்க விடமாட்டம் எண்டு இயந்திரம் செய்த கொம்பனி சொல்லுது. அஞ்சு மணிக்கு முன்னம் தொடங்காட்டி நாளைக்கு ஐதரசன் காணாது. அஞ்சு மணிக்கு என்னை வேலையாலை நிப்பாட்டுற கடிதமும் போகுமாம்."

கமலாவதி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய் இரண்டு தாச்சிகளை அடுப்பில் வைத்தார். ஒன்றில் போத்தல் தண்ணீர் பாதி. மற்றதில் தங்கள் கிணற்றுத் தண்ணீர். இரண்டும் வற்ற நேரமெடுத்தது. தர்சினி சுவர்க் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கிணற்றுத் தண்ணீர் இருந்த தாச்சியில் வெள்ளைப் படை பிடித்திருந்தது. கமலாவதி தேசிக்காய்ப் புளியை விட்டார். படை நுரைத்தது. மற்றதில் மினுங்கும் சின்னச் சின்னப் பரல்கள். அவற்றில் புளி விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை.

"இது கிணத்துத் தண்ணி இல்லை. இந்தப் பக்கத்துக் கிணத்திலை இருந்து வந்திருந்தால் சுண்ணாம்பும் வந்திருக்கும்," என்றார்.

அதற்குள் தேவராசா விரலால் ஒரு பரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"கமலா, உப்பு! கறி உப்பு!"

"நஞ்செண்டால் என்ன செய்வீங்கள்?"

"நீர் கண்டுபிடிப்பீர்தானே."

தர்சினி சிரிக்கவில்லை. "கடல் தண்ணியா இருக்குமோ அன்ரி?"

"கடல் தண்ணியெண்டால் கைப்பும் வரும், இப்பிடிக் காயவும் மாட்டுது. இது கடையிலை வாங்கிற உப்பு. வாரும், இடத்தைப் பாப்பம்."

கொட்டகை வாசலில் காவலாளி மார்க்கண்டு ஒரு தகரப் பெட்டியை நீட்டினார். உள்ளே போகிறவர்கள் நெருப்புப் பெட்டி, லைற்றர் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். தேவராசா தயங்கித் தயங்கிக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு லைற்றரை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, உது என்னத்துக்கு? சிகரெட்டை விட்டாச்செண்டு சொன்னீங்கள்?"

"கற்பூரம் கொளுத்த."

"இதுக்குள்ளை கற்பூரமும் ஏலாது ஐயா," என்றார் மார்க்கண்டு. "பூசைக்கு வந்த ஐயரிட்டையே தீப்பெட்டியைப் பறிச்சனான். இரவிலை சாவி இல்லாத ஆரையும் விடவும் மாட்டன். சாவி வைச்சிருக்கிறது மூண்டு பேர்தான். தர்சினிப் பிள்ளை, டினேஸ், பெரியவர்."

கமலாவதி ஒரு கணம் நின்று அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெள்ளை ரயில் பெட்டி அமைதியாக நின்றது. சுவரில் பத்திரிகையில் வந்த அதன் படத்தை ஒட்டியிருந்தார்கள். டினேஸ் குருநகர்ப் பெடியன். பொறியியல் உதவியாளன். படத்தைக் காட்டி முணுமுணுத்தான்.

"இந்தப் படம் வந்த நாளிலை இருந்துதான் அன்ரி எல்லாம். முதல் பிறேக். பிறகு பற்றரி. இப்ப தண்ணி."

கமலாவதி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீமெந்துத் தூசியில் ஈரக் கால் பட்டுக் காய்ந்த தடங்கள். வெறுங்கால். பெட்டியைச் சுற்றிப் போயிருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக.

"இதுக்குள்ளை சப்பாத்துக் கழட்டுவீங்களோ?"

"ஐயோ, கழட்டினால் சேர் கொல்லுவார். மின்பொறி பறக்காத சப்பாத்து இது."

நீலப் பீப்பா பெட்டியின் பின்புறத்தில் இருந்தது. குழாய் அதன் அடியிலிருந்து புறப்பட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்தது. கமலாவதி குழாயின் வாயில் இருந்த வலையைக் கழற்றச் சொன்னார். வலையில் ஒரு சின்ன மஞ்சள் விதை ஒட்டியிருந்தது.

"செத்தல் மிளகாய் விதை," என்றார் தேவராசா ஆவலோடு. "ஆரோ இடியப்பமும் சம்பலும் திண்டிருக்கினம். கேஸ் முடிஞ்சுது."

"சாப்பாடு கேற்றைத் தாண்டாது ஐயா," என்றான் டினேஸ்.

"இந்தக் குழாய் பூட்டினது ஆருக்குத் தெரியும்?" என்று கமலாவதி கேட்டார்.

"எனக்கும் தர்சினி அக்காவுக்கும். சேருக்கு நேற்று அரசாங்க அதிபரின்ரை கச்சேரியிலை கூட்டம். பொழுதுபடத்தான் வந்தவர். நாங்கள் அப்ப வீட்டை போயிட்டம்."

அலுவலக அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தர்சினியின் தொலைபேசி மேசைமேல் கிடந்தது. மறுமுனையில் கொம்பனியின் பொறியியலாளர் காத்திருந்தார். சோமசேகரம் யன்னலோரம் நின்றார். உயரமான மனிதர். நெற்றியில் திருநீறு கிடையாது. முதல் ஓட்டத்தை இராகு காலத்தில் வைத்ததற்காக ஊர் கதைத்தபோது, "றெயினுக்கு ஏதடா இராகு" என்று சிரித்தவர்.

"சொல்லுங்கோ அம்மா. எங்களுக்கு நேரமில்லை," என்றார்.

"அதுதான் நானும் சுருக்கிச் சொல்லுறன். விழுந்தது கறி உப்பு. கெடுக்க நினைச்ச ஆள் உப்பை நேரை இயந்திரத்துக்குள்ளை போடும். சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு றெயினை மூண்டு தரம் சுத்தி வராது. செத்தல் மிளகாயும் கொண்டு வராது."

தர்சினி தலையை உயர்த்தினாள். டினேசின் வாய் திறந்தது.

"நாவூறு? கண் பட்டதுக்குச் சுத்துறதோ?" என்றான்.

"ஓம். உப்பும் மிளகாயும் சுத்தினால் அடுப்பிலைதான் போடுறது. இஞ்சை நெருப்பு ஏலாது. இவர் லைற்றருக்குச் சொன்ன பொய்யைக் கேட்டாப்போலைதான் எனக்கு அது யோசினை வந்தது. நெருப்பில்லாத இடத்திலை உப்பைத் தண்ணியிலை கரைய விடுவினம். பக்கத்திலை இருந்த தண்ணி, வாழைக்கு ஊத்துற பீப்பாத் தண்ணி. மிளகாயைத் திரும்பக் கொண்டு போயாச்சு. ஒரு விதை மட்டும் உப்போடை விழுந்திட்டுது."

"ஆர் கமலா?" தேவராசா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பீப்பாத் தண்ணி இயந்திரத்துக்குப் போகுதெண்டு தெரிஞ்ச ஆள் அதிலை உப்புப் போடாது. தர்சினிக்குத் தெரியும். டினேசுக்குத் தெரியும்."

மூன்று சாவிகளில் மிச்சம் ஒன்றுதான். கமலாவதி அதைச் சொல்லவில்லை. ஒருவரும் யன்னல் பக்கம் பார்க்கவும் இல்லை.

"இன்னொண்டு. காலமை எல்லாரும் கிணத்துத் தண்ணி எண்டு கதைச்சுக்கொண்டிருக்க, ஒரு ஆள் மட்டும் உப்பெண்டு சொன்னது. ஒரு பிடி எண்டும் சொன்னது."

தகரக் கூரையில் மழை பலத்தது. தொலைபேசியில் பொறியியலாளரின் குரல் கேட்டது: எவ்வளவு உப்பு?

"மீற்றர் உடனை நிப்பாட்டினபடியால் இயந்திரம் பிழைச்சிருக்கும்," என்றார் கமலாவதி. "வடிகட்டியை மாத்திக் கழுவினால் காணும். ஆனால் உவையளுக்கு அளவு வேணும். கோபத்திலை சொன்ன கதையை அளவெண்டு குடுக்க ஏலாது. அது போட்ட கைக்குத்தான் தெரியும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். தர்சினி அதைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மேசையில், ஒட்டப்படாத நீள உறை ஒன்றில் அவளுடைய பெயர் எழுதியிருந்தது.

சோமசேகரம் யன்னலை விட்டு வந்தார். உறையை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். வலது கையை விரித்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அவங்களுக்குச் சொல்லு பிள்ளை," என்றார். குரல் எழும்பவில்லை. "ஒரு பிடி. என்ரை கையாலை ஒரு பிடி. போட்டது நான்."