மொட்டை முதுகு வாத்துகள்

காலை 8.10. படகிலிருந்து இறங்கும்போதே ரெமணிக்கு விஷயம் விபரீதம் என்று தெரிந்துவிட்டது. குரியாச்சனின் கொட்டிலில் அறுநூறு வாத்துகள் நின்றன. முதுகில் இறகு உள்ளவை நூறுகூடத் தேறாது. மற்றதெல்லாம் சிவந்த தோல், அங்கங்கே ரத்தப் பொட்டு. ஒன்று வேலியோரம் செத்துக் கிடந்தது. வாத்து விலைபோகும் கிறிஸ்துமஸுக்கு இன்னும் இருபதே நாள்.

கால்நடைத் துறையில் ரெமணி வெறும் இன்ஸ்பெக்டர்தான், மருத்துவர் இல்லை. ஆனால் குட்டநாட்டில் வாத்து தும்மினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்; பெண்ணானாலும் அங்கே அவள் 'சார்'தான்.

"கள்ளனைப் பிடிச்சாச்சு சாரே," என்றார் குரியாச்சன். "நம்ம சுகதன்தான். நீங்க எழுதிக் கொடுத்த பொடியை வித்துத் தின்னுட்டான். நேத்துப் படகுல ஏறி, ஆலப்புழ வரைக்கும் படகு நிக்கற கடவு கடவா சொல்லிட்டு வந்துட்டேன். பதினொண்ணு பத்துப் படகுல இவன் போறான்."

சுகதன் தென்னையடியில் நின்றான். காலடியில் துணிப்பை. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டு வாத்துகளை மேய்ப்பவன். கள்ளன் என்று பேர் வாங்கிவிட்டால் இந்தக் கரையில் ஒரு குஞ்சைக்கூட அவனை நம்பித் தர மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், ரெமணிக்கும் தெரியும்.

விதைப்பு முடிந்தால் வாத்துகளுக்கு வயல் அடைபட்டுவிடும். நத்தையும் மீனும் போய், கொட்டிலில் குறுணையும் பனந்தண்டைச் சீவிய பனஞ்சோறும்தான். அதில் வயிறு நிறையும், இறகு நிறையாது. இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. குறைந்தால் ஒரு வாத்து அடுத்ததன் இறகைப் பிடுங்கித் தின்னும். அதற்குத்தான் ரெமணி இரண்டு மாதம் முன்பே தீவனத்தில் கலக்க ஒரு வெள்ளைப் பொடியை எழுதிக் கொடுத்திருந்தாள்.

8.40. சாமான் அறை. முட்டைக் கூடைகளுக்குக் கீழே பொடி மூட்டை. இந்நேரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. ரெமணி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை. பையிலிருந்து அயோடின் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். பொடி கருநீலமானது.

"இது அரிசி மாவு அச்சாயா," என்றாள் பின்னால் நின்ற குரியாச்சனிடம்.

"சொன்னேனா இல்லையா!"

"மாத்தியிருக்காங்கன்னுதான் தெரியுது. யாருன்னு மாவு சொல்லாது."

9.15. சுகதன்.

"பொடியைக் கலக்கறது யாரு?"

"நான்தான்."

"மாறினது தெரியலயா?"

"வெள்ளையாத்தான் இருந்துச்சு. கொட்டில்லயே கிடந்து எனக்கு மூக்கு செத்துப்போச்சு சாரே."

"வித்தியா?"

அவன் கொட்டிலைப் பார்த்தான். "வித்திருந்தா அதுங்க முதுகைப் பார்த்துட்டு நிக்க முடியுமா?"

9.50. அடுக்களை. குரியாச்சனின் மனைவி ஏலிக்குட்டி வாழையிலையில் பொதிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, சாமான் அறையில எலி உண்டா?"

"எலியெல்லாம் இல்ல. போன மாசம் கூமுட்டை நாத்தம்தான் தாங்கல. கூடை கூடையா எறக்கிப் பார்த்தேன். இப்ப நாத்தம் போயிடுச்சு."

"முட்டை கிடைச்சுதா?"

ஏலிக்குட்டி அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பு அது. "என்னவோ... போச்சு."

சோற்றின்மேல் வறுத்த கரிமீன் இரண்டு வைத்து மடித்தாள்.

"யாருக்கு?"

"சுகதனுக்கு. படகுல பசிக்குமில்ல."

10.50. படகுக் கடவு. ரெமணி மூவரையும் நிற்கவைத்தாள்.

"அச்சாயா, பொடியை மாத்தினது ஏலிக்குட்டி சேச்சி."

குரியாச்சன் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அஞ்சு வருஷமா இந்த வீட்ல சாப்பிடறேன். எனக்கு ஒரு கரிமீன்தான் விழும். கள்ளனுக்கு யாராவது ரெண்டு வைப்பாங்களா? அவன் கள்ளன் இல்லைன்னு அந்தக் கைக்குத் தெரியும். சேச்சி, நீங்களே சொல்லுங்க."

ஏலிக்குட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "முப்பது வருஷமா என் கூடையிலிருந்து ஒரு கூமுட்டை வெளிய போனதில்ல. அன்னிக்கு நாத்தம் அந்த மூட்டையிலிருந்து வந்துச்சு. மேல இருந்த கூடையில எதுவோ உடைஞ்சு ஒழுகிப் பொடி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். வாய்க்கால்ல கொட்டிட்டு, அப்பத்துக்கு இடிச்ச மாவைப் போட்டேன். அரிசி தின்னா வாத்துக்கு என்ன ஆகும்? நேத்து இவர் கத்தினப்பதான் உறைச்சது. சொல்ல வாய் வரல. சுகதா, பாவி நான்."

"ஒரு முட்டையும் கெடல சேச்சி," என்றாள் ரெமணி. "அந்தப் பொடிக்குப் பொறப்புலயே கூமுட்டை நாத்தம். நாறினாத்தான் அது நல்ல பொடி. இன்னிக்கு மூட்டையைத் திறந்தப்ப நாறவே இல்ல. அங்கதான் பிடிச்சேன். முட்டைக்காரங்க வீட்டுல அந்த நாத்தத்தை யாரு பொறுப்பாங்க? தப்பு என்மேலயும் இருக்கு. எழுதிக் கொடுத்தப்பவே சொல்லியிருக்கணும்."

"வாத்து?" சுகதன் கேட்டது அது ஒன்றுதான்.

"பத்து நாள்ல குருத்து விடும். கிறிஸ்துமஸுக்குப் பாதி தேறும். மீதி ஈஸ்டருக்கு."

11.10. படகு வந்தது. சுகதன் பையை எடுத்தான். குரியாச்சன் அவனைத் தாண்டிப் போய்த் தானே படகில் ஏறினார்.

"முதலாளி எங்க போறீங்க?"

"ஆலப்புழைக்கு. பொடி வாங்கணும். நீ வாத்துக்கு மஞ்சள் தடவு."

"நான் இருக்கேன்னு யாரு சொன்னா?"

குரியாச்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இரு, இல்லாட்டிப் போடா. திரும்பி வந்து காலைப் பிடிச்சுக் கேக்கறேன். முதல்ல உன் பேரைத் திருப்பிக் கொடுத்துட்டு வரேன்."

ரெமணிக்கும் அதே படகுதான். கரை விலகும்போது சுகதன் வாத்துகளை விளிக்கும் குரல் கேட்டது. அடுத்த கடவில் குரியாச்சன் எழுந்து நின்றார். "எல்லாரும் கேளுங்க! சுகதன் கள்ளன் இல்ல! மடையன் நான்தான்!" அதற்கடுத்த கடவிலும் அதே கூச்சல். ஏறியவர்கள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. ஆறாவது கடவில் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. மனிதர் கையை ஆட்டித் தவித்தார்.

ஏழாவது கடவில் ரெமணி எழுந்து நின்று கத்தினாள்.